வெஸ்டரின் விடுப்பு

இயந்திரம் வர இன்னும் ஐம்பத்திரண்டு மணி நேரம் இருந்தது. கடிதம் வந்தது வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு. சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு வருவதாக அதில் எழுதியிருந்தது. ஓர்ஃபா மனதுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டு, காயப்போடுவதற்காக ஊசி நூலில் கோத்துக்கொண்டிருந்த பீன்ஸை மறுபடி எடுத்தாள்.

டெல்மஸ் நிலைப்படியில் சாய்ந்து நின்று கடிதத்தை இரண்டாம் முறையாக உரக்கப் படித்தான். லெக்சிங்டன் கல்லூரியிலிருந்து பிரிட்சர்ட் என்பவர் எழுதியிருந்தார். மலைப்பகுதியின் நடன மெட்டுகளை இயந்திரம் வைத்து இசைத்தட்டில் பதிவு செய்கிறார்களாம். தட்டுகள் வாஷிங்டனில் பெரிய நூலகத்தில் இருக்குமாம். டெல்மஸ் ஸ்பர்லாக் வாசிக்கும் 'வெஸ்டரின் விடுப்பு' என்ற மெட்டைப் பற்றி மூன்று ஊர்களில் கேள்விப்பட்டாராம். கடைசி வரியை டெல்மஸ் நிறுத்தி நிறுத்திப் படித்தான்.

"'வாசிக்கும் முன்பு தங்கள் பெயர், ஊர், இந்த மெட்டு யாரிடமிருந்து கிடைத்தது என்பதைச் சொல்லக் கேட்டுக்கொள்கிறேன்.' இதைக் கேட்டு எழுதணுமா? சொல்லாம எவன் வாசிப்பான்?"

அவன் சொன்னது சரிதான். டர்ன்ஹோல் ஓடைக்கரையில் எந்தப் பிடில்காரனும் வில்லைத் தந்தியில் வைப்பதற்கு முன் மெட்டு வந்த வழியைச் சொல்லிவிடுவான். 'இது என் மாமா வாசிச்சது.' 'இது அந்தக் கண்ணு தெரியாத சாணைக்காரர்கிட்ட கேட்டது.' அது தொப்பியைக் கழற்றுவது மாதிரி ஒரு மரியாதை. ஓடையின் மேல்முனையில் ஒருத்தன் மாமனாரிடம் கேட்ட மெட்டைத் தன்னுடையது என்று சொல்லி மாட்டிக்கொண்டான். பதினோரு வருடமாக அவனோடு சேர்ந்து வாசிக்க ஆள் கிடையாது.

தன் மெட்டை அடுத்தவனுடையது என்று சொல்கிறவனுக்கு என்ன செய்வது என்று யாரும் யோசித்ததில்லை. அப்படி ஒருவன் இருப்பான் என்றே யாருக்கும் தோன்றவில்லை. ஓர்ஃபா அப்படி ஒருவனோடு பதினெட்டு வருடமாகக் குடித்தனம் நடத்துகிறாள்.

"பாரு ஓர்ஃபா," என்றான் டெல்மஸ். கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். "வெஸ்டர் வாஷிங்டன் போறான். உயிரோட இருந்தப்போ லூயிவில்லைத் தாண்டல."

ஊசி அவள் விரலில் குத்தியது.

*

வெஸ்டர் ஸ்பர்லாக் அவளுடைய முதல் கணவன், டெல்மஸின் அண்ணன். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் ராணுவத்துக்குக் கூப்பிட்டார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டாம் ஆண்டு ஆகஸ்டில் நாலு நாள் விடுப்பில் வந்தான். அக்டோபரில் லூயிவில் முகாமில் விஷக்காய்ச்சலில் போனான். பெட்டி ரயிலில் வந்தது. ஆற்றுத் துறையிலிருந்து வண்டியில் வந்தது. அடக்கம் முடிந்து ஆறு நாள் ஓர்ஃபா சாப்பிடவில்லை. அப்போது அவளுக்கு இருபது வயது.

மாமியார் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, அழுகைக்கு நடுவே அவளைத் திட்டினாள். "பைபிள்ல ஓர்பாள் மாமியாரை விட்டுட்டுத் தன் சனத்துகிட்டப் போனா. நீயும் போயேன்டி. எங்கயாவது போய்த் தின்னு. உனக்கு அந்தப் பேரை வச்சவங்களுக்கு அறிவில்ல."

ஏழாம் நாள் டெல்மஸ் சுவரிலிருந்து அண்ணனின் பிடிலை எடுத்தான். அதைத் தொட அவனுக்கு ஒருபோதும் அனுமதி இருந்ததில்லை. வைக்கோல் கொட்டகைக்குப் பின்னால் நின்று காதால் கேட்டு, ஆள் இல்லாதபோது ரகசியமாக எடுத்துப் பழகியவன் அவன். அம்மா, "வைடா அதை," என்றாள். அவன் வைக்கவில்லை. அடுப்பங்கரையில் நின்றபடி ஒரு மெட்டின் முதல் பாகத்தை வாசித்தான். ஆடத் தூண்டும் மெட்டு. ஆனால் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் கிளம்ப மனமில்லாத விருந்தாளி மாதிரி ஒரு தாள அடி கூடுதலாக நின்றது.

"என்ன அது?" என்றாள் ஓர்ஃபா. ஆறு நாளில் அவள் பேசிய முதல் பேச்சு.

டெல்மஸ் தரையைப் பார்த்தான். "வெஸ்டர்... விடுப்புல வந்தப்ப கொட்டகையில வாசிச்சான். பேரு வைக்கல. எனக்கு முதல் பாகம்தான் ஞாபகம் இருக்கு."

அன்று அவள் ஒரு உருளைக்கிழங்கு சாப்பிட்டாள். மாமியார் அந்தத் தட்டைக் கழுவாமல் ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தாள்.

பத்து நாள் கழித்து டெல்மஸ், "ரெண்டாம் பாகம் ஞாபகம் வந்துருச்சு," என்று சொல்லிக்கொண்டு வந்தான். வாசித்தான். ஓர்ஃபாவுக்கு அப்போது தெரிந்துவிட்டது.

அந்தப் பக்கத்தில் பிடில் வாசிக்கும்போது கூட ஒருவர் இடது பக்கம் நின்று, வில்லுக்கும் விரல்களுக்கும் நடுவே தந்தியின் மேல் இரண்டு பின்னல் ஊசிகளால் தாளம் தட்டுவார்கள். வெஸ்டருக்கு அப்படித் தட்டியவள் ஓர்ஃபா. ஆடுகிறவர்கள் கால்களைப் பார்ப்பார்கள். பக்கத்தில் பாஞ்சோ மீட்டுகிறவன் கண்ணை மூடிக்கொள்வான். ஊசி தட்டுகிறவளுக்கு மட்டும் அந்த இடது கை முகத்துக்கு நேரே ஒரு முழ தூரத்தில் இருக்கும். வெஸ்டரின் சுண்டுவிரல் கரும்பு ஆலையில் நசுங்கி, மடங்காமல் நீட்டிக்கொண்டிருந்தது. மேல் தந்தியில் அந்த விரல் தொட வேண்டிய சுரத்தை அவன் எப்போதும் ஏதாவது வழி பண்ணித் தவிர்த்துவிடுவான். கேட்கிறவர்களுக்குத் தெரியாது. கொட்டகைக்குப் பின்னால் நின்றவனுக்கும் தெரியாது.

டெல்மஸின் இரண்டாம் பாகம் அந்தச் சுரத்தில்தான் தொடங்கியது. மூன்று முறை அங்கேயே திரும்பி வந்தது.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. மாமியார் முகத்தைப் பார்த்தாள். அந்த அம்மாள் கண்ணை மூடி, "என் பிள்ளை கைதான், அப்படியே," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அது பொய்யும் இல்லை. இரண்டு பேரும் அவள் பிள்ளைகள்தானே.

இரண்டு வருடம் கழித்து ஓர்ஃபா டெல்மஸைக் கட்டிக்கொண்டாள். சிலர் நாக்கு நீண்டது; பிறகு சுருங்கிவிட்டது. மாமியார் இறந்தே ஏழு வருடமாகிறது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமை ஆட்டத்திலும் டெல்மஸ் எழுந்து நின்று, "இது என் அண்ணன் வெஸ்டருடையது," என்பான். ஆண்கள் தொப்பியைக் கழற்றுவார்கள். பக்கத்தில் ஊசிகளோடு ஓர்ஃபா நிற்பாள். தனக்குத் தெரியும் என்று சொன்னால், அத்தனை சனிக்கிழமைகளையும் அவன் உட்கார்ந்து எண்ணுவான். ஒவ்வொன்றிலும் பெண்டாட்டி முன்னால் முட்டாளாக நின்றதாக நினைப்பான்.

இதுவரை அது ஓடைக்கரையோடு போயிற்று. சனிக்கிழமைக்கு மேல் அப்படி இருக்காது. அவள் கணவன் போட்ட ஒரே மெட்டு, அவன் பெயர் இல்லாமல் வாஷிங்டனில் ஓர் அலமாரியில் உட்காரப் போகிறது.

*

வெள்ளிக்கிழமை மத்தியானம் லெம் பாஞ்சோவைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். டெல்மஸின் பெரியப்பா மகன். சோள ரொட்டியும் மோரும் மேசையில் இருக்கும் நேரம் அவனுக்கு எப்படியோ தெரிந்துவிடும்.

"அந்தக் கல்லூரிக்காரன்கிட்ட சும்மா 'அண்ணன் வாசிச்சான்'னு சொன்னாப் போதுமாடா?" என்றான், ரொட்டியை மோரில் பிட்டுப் போட்டபடி. "வாஷிங்டன்காரன் தூங்கிருவான். சாகுறதுக்கு முந்தின நாள் முகாம் ஆஸ்பத்திரியில கட்டில்ல உக்காந்து வாசிச்சான்னு சொல்லு. நர்ஸுங்கள்லாம் அழுதாங்கன்னு சொல்லு."

"அங்க அவன்கிட்ட பிடிலே இல்லையே. இதோ இந்தச் சுவத்துல தொங்கிட்டிருந்துச்சு."

"நர்ஸோட பிடில்."

"நர்ஸ் எதுக்குடா பிடில் வச்சிருக்கப் போறா?"

"சரி, டாக்டரோட பிடில். உனக்கென்ன கஷ்டம்? செத்தவன் எந்திரிச்சு வந்து இல்லைங்கப் போறானா?"

"நீ பொய் சொல்றதுக்கு மூச்சு விடுறதைவிடக் கம்மியாத்தான் சிரமப்படுற, லெம்."

"கதைடா இது. பொய்யில்ல. நம்ம தாத்தா ஒரு மெட்டு வச்சிருந்தார். தூக்குல போடப்போறவன் சவப்பெட்டி மேல உக்காந்து வாசிச்சதுன்னு சொல்லுவார். தாத்தா ஆயுசுல ஒரு தூக்கு மரத்தையும் பாத்ததில்ல. அந்த மெட்டைக் கேட்டு அழாத ஆள் உண்டா?"

ஓர்ஃபா பானை மூடியை டங்கென்று வைத்தாள். "லெம். வாயை மூடிட்டுத் தின்னு."

"வாயை மூடிட்டு எப்படித் தின்றது?" என்றான் லெம். பிறகு குரலைத் தணித்து டெல்மஸிடம், "பாத்தியா, இத்தனை வருஷம் ஆகியும் வெஸ்டர் பேரை எடுத்தா அவளுக்குத் தாங்கல," என்றான்.

டெல்மஸ் தட்டில் இருந்த ரொட்டித் துகள்களை விரலால் ஒரு பக்கமாகத் தள்ளினான். அந்த விரலை ஓர்ஃபா பார்த்தாள். லெம்மின் தலையில் மூடியைப் போட்டிருக்கலாம் என்று தோன்றியது.

நாலு மணிக்கு அவள் தண்ணீர் எடுத்துக்கொண்டு சரிவில் ஏறினாள். டெல்மஸ் மாட்டுக்குச் சோளத் தழை உருவிக்கொண்டிருந்தான். மெட்டை அவன் ஒத்திகை பார்க்கவில்லை. அது அவன் கையில் தானாக ஓடும். சொல்ல வேண்டியதைத்தான் சோளக்கதிர்களிடம் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இங்க ஒரு சந்தேகம்," என்றான், தண்ணீரைக் குடித்துவிட்டு. "'என் அண்ணன் வெஸ்டர்'னு சொல்லவா, 'என் பொண்டாட்டியோட முதல் புருஷன்'னு சொல்லவா? ரெண்டும் நெசம்தான்."

"என் புருஷன் நீ."

"அது எனக்குத் தெரியும். மெஷினுக்குத் தெரியாதே." அவன் சிரித்தான். கழுத்தில் ஒட்டியிருந்த தழையை அவள் எடுத்துப் போட்டாள். "அந்த மெட்டு மட்டும் இல்லேன்னா நீ என்னை ஏறெடுத்துப் பாத்திருப்பியா?"

இது அவனுடைய பழைய வேடிக்கை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது கேட்பான். 'முதல்ல மூஞ்சியைக் கழுவிட்டு வா' என்று அவள் சொல்வாள். இரண்டு பேரும் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் அவன் ஒரு நொடி வேறு எங்கேயோ பார்ப்பான். அந்த ஒரு நொடி வேடிக்கையில் சேராது.

"டெல்மஸ்," என்றாள். "அந்த மெட்டு..."

"ம்?"

அவன் கண்ணிமையில் வியர்வை நின்றது. நல்ல முகம். முப்பத்தொன்பது வயதில் காது ஓரம் நரைத்துவிட்டது.

"கொஞ்சம் நிதானமா வாசி. லெம் ஓடுறான்."

"அவன் எப்பவும் ஓடுறவன்தானே."

அவள் காலி வாளியோடு இறங்கினாள். ஓடை வரைக்கும் தன்னைத்தானே திட்டிக்கொண்டே போனாள்.

*

பிரிட்சர்ட் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டான். இருபத்தைந்து வயதுக்கு மேல் இராது. மூக்கு வெயிலில் உரிந்திருந்தது. கார் ஆற்றுத் துறையோடு நின்றுவிட்டது. அங்கிருந்து இயந்திரத்தையும் இரண்டு பேட்டரிகளையும் கோவேறு கழுதை இழுக்கும் மரச் சறுக்குவண்டியில் ஏற்றி, கூடவே நடந்து, ஒவ்வொரு கல்லுக்கும் "ஐயோ" என்று சொல்லிக்கொண்டு வந்தானாம். லெம் அதை நடித்துக் காட்டினான்.

"உக்காரு தம்பி, மூச்சு வாங்கு," என்று ஓர்ஃபா உலர்ந்த ஆப்பிள் வைத்த அடுக்கு கேக்கைக் கொடுத்தாள். இரண்டு துண்டு சாப்பிட்டான். மூன்றாவதை அவள் கேட்காமலே வைத்தாள்.

இயந்திரத்தை முன்வராந்தாவில் வைத்தார்கள். கருப்புத் தட்டு ஒன்று சுழல, அதன் மேல் ஒரு கூர்முனை கோடு கீறிக்கொண்டே போகும். கீறிய இடத்திலிருந்து தலைமுடி மாதிரி கருப்பு இழை சுருண்டு சுருண்டு வரும். அதைப் பிரிட்சர்ட் சின்னத் தூரிகையால் ஒதுக்குவான்.

"ஒரு தடவை வெட்டினா வெட்டினதுதான்," என்றான். "அழிச்சுட்டுத் திரும்ப எழுத முடியாது. என்கிட்ட மூணு பக்கம்தான் மிச்சம் இருக்கு. ஒரு பக்கம் நாலு நிமிஷம்."

முதல் பக்கத்தை லெம் எடுத்துக்கொண்டான். நாலு நிமிடம் ஆயிற்று. பிரிட்சர்ட் கையைக் காட்டினான். லெம் கண்ணை மூடிக்கொண்டு வாசித்துக்கொண்டே இருந்தான். பிரிட்சர்ட் வேறு வழியில்லாமல் இரண்டாம் பக்கத்தைப் போட்டான்.

"தட்டு முடிஞ்சுருச்சு சார்," என்றான் கடைசியில்.

"பாட்டு முடியலையே தம்பி."

"வாஷிங்டன்ல ஒரு அலமாரியை உனக்குன்னே கட்டணும்டா," என்றான் டெல்மஸ்.

ஒரு பக்கம் மீதி இருந்தது. டெல்மஸ் நாற்காலியில் உட்கார்ந்தான். ஒலிவாங்கியைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டான். ஓர்ஃபா ஊசிகளோடு அவனுடைய இடது பக்கம் நின்றாள். பிரிட்சர்ட் கூர்முனையை இறக்கினான். தலையாட்டினான்.

"என் பேரு டெல்மஸ் ஸ்பர்லாக். ஊரு டர்ன்ஹோல் ஓடை." தொண்டையைச் செருமினான். "இது என் அண்ணன் வெஸ்டர்கிட்ட இருந்து வந்தது. பதினெட்டாம் வருஷம் ஆகஸ்ட்ல விடுப்புல வந்தப்ப வாசிச்சான். அவன் இதைவிட நல்லா வாசிப்பான்."

வில் இறங்கியது.

அவன் நிதானமாக வாசித்தான். அவள் சொன்ன பேச்சைக் கேட்டான். லெம்கூட ஓடவில்லை. ஓர்ஃபா தட்டினாள். முதல் பாகம் இரண்டு முறை. கடைசியில் அந்தக் கூடுதல் அடி. அங்கே யாருக்கும் கால் தடுக்காது. ஓடைக்கரையில் குழந்தைகள்கூட அந்த அடிக்கு நின்றுதான் ஆடப் பழகியிருந்தார்கள். இரண்டாம் பாகத்தில் சுண்டுவிரல் நீண்டு மேல் தந்தியைத் தொட்டது. திரும்பியது. மறுபடி தொட்டது. அவள் கண்ணுக்கு ஒரு முழ தூரத்தில், நகத்தில் மண்ணோடு, அந்த விரல் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. இருபது வருடமாக இதே இடத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சலிக்கவில்லை.

மூன்று சுற்று. வில் நின்றது.

பிரிட்சர்ட் கடிகாரத்தைப் பார்த்தான். யாரும் பேச வேண்டாம் என்று ஒரு விரலைக் காட்டினான். தட்டு இன்னும் சுழன்றுகொண்டிருந்தது. ஓரத்தில் இரண்டு விரல்கடை இடம் மிச்சம் இருந்தது. வீணாக்க மனமில்லாதவன்போல, ஒலிவாங்கியைத் தூக்கி ஓர்ஃபாவின் பக்கம் திருப்பி வைத்தான்.

"அம்மா, வெஸ்டர் வாசிக்கறப்பவும் நீங்கதான் ஊசி தட்டினீங்கன்னு சொன்னாங்க. இந்த மெட்டை அவர் எப்படி வாசிப்பார்? இதே மாதிரியா, வேற மாதிரியா?"

இதுவரை யாரும் அவளிடம் இதைக் கேட்டதில்லை. கேட்காத கேள்விக்குப் பேசாமல் இருப்பது பொய்யாகாது. இப்போது கேட்டுவிட்டான். கருப்பு இழை சுருண்டுகொண்டே இருந்தது. அவள் என்ன சொன்னாலும், சொல்லாவிட்டாலும், அது வெட்டப்பட்டுக்கொண்டே இருக்கும்.

அந்நிய மனிதர் முன்னால் நாலு வார்த்தை பேசினாலே கழுத்து வரை சிவந்துவிடுகிறவள் அவள். டெல்மஸ் அது தெரிந்து அவள் பக்கம் சாய்ந்தான்.

"சொல்லு ஓர்ஃபா," என்றான் மெதுவாக. "வெக்கப்படாத. அவனைப் பத்திச் சொல்லு. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். பிறகு அந்த ஒரு நொடி, ஓடைப் பக்கம் பார்த்தான்.

அவள் ஒலிவாங்கியைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தாள்.

"வெஸ்டர் இதை வாசிச்சதே இல்ல," என்றாள்.

"என்னது?" என்றான் லெம். பிரிட்சர்ட் கையை வீசி அவனை அடக்கினான்.

டெல்மஸ் ஓடையிலிருந்து பார்வையைத் திருப்பினான்.

"அவனுக்கு இது வாசிக்க வராது. இது டெல்மஸ் போட்டது. நான் சாப்பிடணும்னு போட்டான். ரெண்டாம் பாகத்தைக் கொண்டு வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும்." அவள் ஊசிகளைத் தாழ்த்தினாள். "தெரிஞ்சுதான் நான் இவனைக் கட்டிக்கிட்டேன்."